மூன்றாம் நாள் யார் வருவார்? கொங்கு வட்டாரத் தாய்ப்பால் உதவிச் சேவைகள்: ஒரு மதிப்பீடு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இன்று தாய்ப்பால் உதவி என்று தேடினால் சேவைக்குப் பஞ்சமில்லை. அரசு மருத்துவமனைச் சுவரெல்லாம் படம். தனியார் மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு. வீட்டுக்கே வரும் ஆலோசகர், பால் எடுக்க வாடகைக்குப் பம்ப், பஸ் ஸ்டாண்டில் பாலூட்டும் அறை, கோவை அரசு மருத்துவமனையில் பால் வங்கி. இத்தனையையும் எடைபோட இங்கே எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: பிரசவமான மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில், ஒரு வேளைப் பாலூட்டலை முதலிலிருந்து கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வருகிறாரா?

அந்த நாட்களை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? முதல் 24 மணி நேரத்தில் குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிடைப்பது 2 முதல் 10 மில்லி சீம்பால். அதற்கு அவ்வளவே போதும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பால் இறங்கும். சிசேரியன் என்றால் இன்னும் ஒரு நாள் தள்ளலாம். இறங்கும்போது மார்பு கல்லாகிறது, காம்பைச் சுற்றிய கருவட்டம் பலூன் மாதிரி விறைக்கிறது, குழந்தையின் வாய் அதில் வழுக்குகிறது. குழந்தை அழுகிறது. "பால் பத்தலீங்க, அதான் அழுவுது" என்று யாரோ சொல்ல, பவுடர் டப்பா திறக்கப்படுகிறது. டப்பாப் பால் குடித்த குழந்தை மூன்று மணி நேரம் தூங்கும். அந்த மூன்று மணி நேரமும் மார்பில் பால் தேங்கும். எடுக்காத பால் ஊறாது என்பது உடம்பின் கணக்கு. நாலு நாள் இப்படிப் போனால் 'பத்தவில்லை' என்பது உண்மையாகவே ஆகிவிடும்.

சுகப்பிரசவமான தாய் 48 மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அதாவது சிக்கல் தொடங்கும் இரவில் அவர் பக்கத்தில் செவிலியர் இல்லை, அமுச்சிதான் (குழந்தையின் தாய்வழிப் பாட்டி) இருக்கிறார். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவை 55 சதவீதம் அளவில்தான். நடுவில் விழும் ஓட்டை வார்டுக்கும் வீட்டுக்கும் இடையில் இருக்கிறது.

முதலில் வார்டு. சுகப்பிரசவத்தில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் போடுவது அரசு மருத்துவமனைகளில் பழக்கமாகிவிட்டது. இதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். சறுக்குவது சிசேரியனில். மாநிலத்தில் 100 பிரசவத்துக்கு 45 சிசேரியன் என்ற நிலையில் இது சின்ன விஷயமில்லை. முதுகில் மயக்க ஊசி போட்ட தாய் விழித்துத்தான் இருக்கிறார். தையல் போடும்போதே குழந்தையை அவர் நெஞ்சில் குறுக்காகப் படுக்க வைக்கலாம், ஒரு செவிலியர் கைபிடித்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு ஆள் இல்லாததால் குழந்தை துணியில் சுற்றி வெளியே நிற்கும் சொந்தக்காரர் கைக்குப் போகிறது. சர்க்கரைத் தண்ணீரும் தேனும் நாக்கில் படுவது அந்த இடைவெளியில்தான். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமிவித்து குழந்தையின் குடலில் நஞ்சு சுரக்கும், தசைகள் தளர்ந்து மூச்சே திணறலாம். தெருவில் கூவி விற்கும் கழுதைப்பாலும் காய்ச்சாத பால்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை.

அரசு மருத்துவமனையில் சிசேரியனான தாய்க்கு எதிர்பாராத ஒரு லாபம் உண்டு. பெரும்பாலும் அவர் மூன்றாம் நாளைத் தாண்டியும் வார்டிலேயே இருக்கிறார் (இலவச உணவே ஏழு நாள் வரைக்கும் உண்டு). பால் கட்டும் இரவில் கூப்பிட்டால் வர ஆள் இருக்கிறது. ஆனால் வந்தவர் செய்வது என்ன? "மார்ல போடும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது உதவி இல்லை. மார்பைப் பிதுக்கிப் பார்த்து "பால் இல்லையே" என்று தீர்ப்பு சொல்வது அதைவிட மோசம். சீம்பால் தேன் மாதிரி கெட்டி, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிதுக்கினால் பீறிட்டு வர அது ஒன்றும் குழாய்த் தண்ணீர் இல்லை.

தனியார் பக்கம் அறை சுத்தம், பேச்சு மரியாதை, எல்லாம் சரி. குறை டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது. 'டாப் அப்' (தாய்ப்பாலுக்கு மேல் கூடுதல் பால்) என்று ஒரு வரி, பக்கத்தில் பவுடர் பெயர். எத்தனை மில்லி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்த எடை வந்ததும் நிறுத்துவது என்று எதுவும் இருக்காது. மருத்துவக் காரணத்துக்காகப் பவுடர் தேவைப்படும் குழந்தைகள் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அளவும் முடிவு தேதியும் இல்லாத மருந்துச் சீட்டை யாராவது ஏற்பார்களா? இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். கூடவே இலவச மாதிரி டப்பாவோ பவுடர் கம்பெனி பெயர் போட்ட பையோ தந்தால் அது சட்டவிரோதம். 1992-இல் வந்து 2003-இல் இறுக்கப்பட்ட குழந்தை உணவுச் சட்டம் இரண்டு வயது வரைக்குமான உணவு, பால் பாட்டில் எல்லாவற்றின் விளம்பரத்தையும் தடுக்கிறது.

இனி வீட்டுக்கு வருபவர்கள். அரசு ஏற்பாட்டில் இது கிராம சுகாதார செவிலியரின் வேலை, மலைக் கிராமங்களில் ஆஷா பணியாளரும் உண்டு. பச்சிளம் குழந்தை வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தின் கால அட்டவணை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்கள். பாருங்கள், காகிதத்தில் மூன்றாம் நாள் முதலிலேயே இருக்கிறது. நடைமுறையில் தவறுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல. கொங்குப் பக்கம் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவார். பதிவு கணவர் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில், பிரசவம் தாய்வீட்டு ஊருக்குப் பக்கத்து மருத்துவமனையில். தாராபுரத்துச் செவிலியர் பட்டியலில் இருக்கும் பெண் கோபிசெட்டிபாளையத்தில் படுத்திருப்பார். கோபிச் செவிலியருக்கு அப்படி ஒருவர் வந்திருப்பதே தெரியாது. சமவெளியில் ஒரு துணை நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு; வந்துபோகிறவர்களைத் தேடி அலைய நேரம் ஏது? தாய்வீட்டுக்குப் போன வாரமே பிக்மி எண்ணோடு (கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த எண்) அந்த ஊர்ச் செவிலியரிடம் நேரில் போய்ப் பெயர் கொடுப்பதுதான் இப்போதைக்கு வழி. இதை மருத்துவமனையே டிஸ்சார்ஜ் அன்று தாய்வீட்டு ஊருக்குத் தகவலாக அனுப்பினால், புதிதாக ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதிப் பிரச்சினை தீரும்.

வந்தவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் எடை. பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை குறைவது இயல்பு. 3 கிலோ குழந்தை 210 கிராம் குறைந்தால் ஏழு சதவீதம்: பாலூட்டலை உட்கார்ந்து கவனிக்க வேண்டிய இடம். 300 கிராம் குறைந்தால் பத்து சதவீதம்: மருத்துவர் பார்க்க வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும், பிறகு நாளுக்கு 20-30 கிராம் ஏற வேண்டும். இங்கேதான் தராசு காலை வாரும். கொக்கியில் தொங்கவிடும் பழைய வட்டத் தராசில் ஒரு கோடு 100 கிராம். 25 கிராம் ஏற்றத்தை அது காட்ட நாலு நாள் ஆகும். குழந்தை உதறினால் அதுவும் போச்சு. 10 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் டிஜிட்டல் தராசு, அதே தராசு, அதே நேரம், துணியில்லாமல்: இப்படி எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். மருத்துவமனைத் தராசில் ஒரு எடை, மருந்துக்கடைத் தராசில் இன்னொன்று என்று எடுத்து 150 கிராம் குறைந்துவிட்டதாகப் பதறுவது வாராவாரம் நடக்கும் கூத்து.

தராசே இல்லாவிட்டால் துணியை எண்ணலாம். முதல் நாள் ஒரு சிறுநீர், இரண்டாம் நாள் இரண்டு, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறுக்குக் குறையக் கூடாது. கருப்பு மலம் நாலைந்து நாளில் மஞ்சளாக வேண்டும். நாலாம் நாளுக்குப் பிறகும் துணியில் செங்கல் நிறக் கறை, எழுப்பினாலும் பாலுக்கு எழாத தூக்கம், உள்ளங்காலுக்கு இறங்கிய மஞ்சள், இதில் எது இருந்தாலும் ஆலோசகருக்குப் போன் போடாதீர்கள், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அடுத்தது பிடிமானம். நல்ல ஆலோசகரையும் பேச்சு ஆலோசகரையும் இந்த ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். நல்லவர் குழந்தையின் தலையைப் பிடித்து மார்பில் அழுத்தமாட்டார். தாயின் முதுகுக்கு முதலில் தலையணை கொடுப்பார், காலுக்கு ஒரு மணைப்பலகை வைப்பார். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்கும். வலது மார்பில் கொடுக்க இடது கையால் குழந்தையின் முதுகையும் கழுத்தடியையும் தாங்கச் சொல்வார். காம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக நிற்கும், வாய்க்கு நேராக அல்ல. மேலுதட்டைக் காம்பால் வருடி, கொட்டாவி அளவுக்கு வாய் திறக்கும்வரை காத்திருந்து, மோவாய் முதலில் படும்படி சட்டென்று உள்ளே. பிடித்தபின் பார்க்க வேண்டியது நாலு: மோவாய் மார்பில் புதைந்திருக்க வேண்டும், வாய் அகன்றிருக்க வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும், கருவட்டம் கீழே குறைவாகவும் மேலே அதிகமாகவும் தெரிய வேண்டும். கன்னம் குழிந்தாலோ 'டிக் டிக்' என்று சத்தம் வந்தாலோ பிடிமானம் தவறு. வாயின் ஓரத்தில் சுண்டுவிரலை விட்டுக் காற்றை உடைத்து எடுத்து, மறுபடி முதலிலிருந்து. தவறான பிடிமானத்தாலும் வலியோடு இழுத்துப் பிடுங்குவதாலும்தான் காம்பு வெடிக்கிறது, வெடித்த காம்புக்குத்தான் களிம்பு விற்கிறது.

பால் கட்டிய மார்பில் இதற்கு முன் ஒரு படி உண்டு. இரண்டு கை விரல் நுனிகளையும் காம்பைச் சுற்றி வைத்து நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் வீக்கம் பின்வாங்கி, குழந்தை பிடிக்க ஒரு மெத்தென்ற இடம் கிடைக்கும். சுடுதண்ணீர் ஒத்தடமும் முரட்டு உருவலும் பழைய பாடம். வீக்கத்துக்கு இப்போது சொல்வது பாலூட்டிய பின் குளிர் ஒத்தடம். பம்ப் போட்டு 'காலி செய்தால்' உடம்பு இன்னும் அதிகம் சுரக்கும், கட்டு கூடும். சிவப்பும் காய்ச்சலும் ஒரு நாளில் அடங்காவிட்டால் மருத்துவர். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

உள்ளிழுத்த காம்புக்கு நம் ஊர்ச் செவிலியர்கள் செய்யும் சிரிஞ்ச் வைத்தியம் இன்றும் உபயோகமானது, பைசா செலவும் இல்லை. ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சின் (காம்பு பெரிதானால் 20) மூக்குப் பக்கத்தைப் பிளேடால் வெட்டிவிட்டு, உள்தண்டை உருவி, வெட்டிய பக்கம் வழியாகத் திருப்பிச் செருக வேண்டும். மழமழப்பான, விளிம்புள்ள பக்கம்தான் மார்பில் படும். வெட்டிய பக்கத்தையே மார்பில் வைத்துப் புண்ணாக்கிக்கொள்வது சாதாரணமாக நடக்கும் தவறு. மெதுவாக இழுத்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம், உடனே குழந்தையைப் போட வேண்டும்.

கட்டணம் வாங்கும் தனியார் ஆலோசகர்கள் கோவையில் தாராளமாகக் கிடைக்கிறார்கள், ஈரோடு, திருப்பூரிலும் உண்டு. கரூர், நாமக்கல் பக்கம் ஆள் குறைவு. ஐபிசிஎல்சி என்ற சர்வதேசத் தகுதி பெற்றவரானால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும், ஆகவே எந்த ஆண்டு வரை செல்லும் என்று கேட்பதில் தப்பில்லை. வார இறுதி வகுப்புச் சான்றிதழும் அதுவும் ஒன்றல்ல. அதேசமயம் இருபது வருடம் வார்டில் நின்ற ஓய்வுபெற்ற செவிலியரைச் சான்றிதழ் இல்லை என்று ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். கட்டணத்தைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது: எத்தனை நிமிடம் இருப்பீர்கள்? ஒரு முழு வேளையைப் பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும். தராசு கொண்டுவருவீர்களா? போகும்போது எழுதிக் கொடுப்பீர்களா? பம்ப், பொடி, லேகியம் விற்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் அவரது ஆலோசனையைச் சற்றுச் சந்தேகத்தோடே கேளுங்கள்.

இன்னொன்று. கூட இருக்கும் மாமியாரையும் அம்மாவையும் வெளியே அனுப்பிவிட்டுப் பேசுகிற ஆலோசகர் தோற்றுப்போவார். அவர் கிளம்பிய அரை மணி நேரத்தில் வீட்டில் ஓடுவது பெரியவர் சொல்தான். "அம்மிணி, நீங்களும் இப்படி வந்து நின்னு பாருங்க" என்று அந்தப் பெரியவரின் கையில் அந்த மணைப்பலகையைக் கொடுப்பவர்தான் கெட்டிக்காரர். செலவு ரசம் (மருந்துச் சாமான் போட்ட ரசம்), பூண்டு எல்லாம் இருக்கட்டும், தாய்க்குத் தெம்பு. பிரசவித்தவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் பத்தியத்தை மட்டும் விடச் சொல்ல வேண்டும், அதுவும் சித்திரை வெயிலில். குழந்தைக்கோ எந்த வெயிலிலும் ஆறு மாதம்வரை தனித் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலே பெரும்பகுதி தண்ணீர்தான்.

பம்ப் வாடகைக் கடைகள்: இயந்திரத்தைப் பற்றிக் குறையில்லை, மார்பில் வைக்கும் கூம்பைப் பற்றித்தான். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 அல்லது 28 மில்லிமீட்டர். இங்குள்ள பல தாய்மாருக்கு அது பெரிது. காம்பின் அடிவிட்டத்தை ஸ்கேலால் அளந்து அதற்குச் சற்றே பெரிய கூம்பு வாங்க வேண்டும். கருவட்டம் சேர்ந்து உள்ளே இழுபட்டால் கூம்பு பெரிது, காம்பு சுவரில் உரசினால் சிறிது. 'பம்ப் இழுக்கவே மாட்டேங்குது' என்ற புகாரில் பாதி வாத்து மூக்கு மாதிரியான சிலிக்கான் வால்வு தளர்ந்ததால் வருவது. தினமும் பயன்படுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் மாற்ற வேண்டும். வாடகைக்கு எடுப்பது பால் மோட்டாருக்குள் போகாத மூடிய அமைப்பாக இருக்கட்டும். கூம்பு, குழாய், பாட்டில் எல்லாம் உங்களுக்கென்றே புதிதாக வாங்குங்கள்.

பால் வங்கி பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு: பால் பத்தாத எவரும் போய் வாங்கலாம் என்று. இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்கும் தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்கும், மருத்துவர் எழுதினால் மட்டும். கொடுக்கும் தாய்க்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, பால்வினை நோய்ச் சோதனை உண்டு. பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, கிருமி வளர்ப்புச் சோதனை முடித்து, மைனஸ் 20-இல் உறைய வைக்கிறார்கள். சேவையாக இது முதல் தரம். வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டு அறிமுகமில்லாதவர் பாலை வாங்கிக் கொடுப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

பஸ் ஸ்டாண்டு அறைகள் 2015 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க வந்தன. நல்ல யோசனை. சாவி யாரிடம் என்று தேட வேண்டியிருந்தால் அந்த அறை இல்லாததற்குச் சமம். முதுகு சாயும் நாற்காலி, மின்விசிறி, உள்தாழ்ப்பாள், இவ்வளவு போதும்.

நம் வட்டாரத்தின் பெரிய சோதனை பனியன் கம்பெனிகளில். 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரச் சம்பள விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம், நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்க அனுமதி என்று 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. பீஸ் ரேட்டில், ஆள்விட்டு ஆள் மாறும் காண்ட்ராக்டில் இருப்பவருக்கு அந்த 80 நாளை நிரூபிப்பதே போராட்டம். காப்பகம் இருந்தாலும், காங்கேயத்துக்கு அப்பாலிருந்து கம்பெனி வேனில் வரும் டெய்லர் காலை ஏழு மணிக்குக் கைக்குழந்தையோடு எப்படி ஏறுவார்? காப்பகத்தைவிட அவருக்கு உடனே உதவுவது கழுவுதொட்டி உள்ள ஒரு சின்ன அறையும், காலையிலும் மதியத்துக்குப் பிறகும் இருபது நிமிடமும்தான். பம்ப் வேண்டாம், கை போதும்: காம்பிலிருந்து மூன்று நாலு சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரலும் மற்ற விரல்களும், முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு சேர்த்து அமுக்கி, விட வேண்டும். தோல்மேல் விரல் வழுக்கக் கூடாது. எடுத்த பால் அறை வெப்பத்தில் நாலு மணி நேரம், அயர்னிங் பக்கத்துச் சூட்டில் அதுவும் இல்லை. உறைந்த ஐஸ் பொதிகள் வைத்த பெட்டியில் மாலை வீடு சேரும்வரை தாங்கும்.

தாளவாடி, கடம்பூர், வால்பாறை மாதிரி இடங்களுக்கு ஆலோசகர் மலையேறி வரப்போவதில்லை. அங்கே வீடியோ அழைப்புதான், அதற்கும் சிக்னல் நின்றால் பதிவு செய்து அனுப்புவதுதான். அனுப்புகிற வீடியோ பெரும்பாலும் எதிரில் நின்று எடுத்தது, அதில் தெரிவது குழந்தையின் பின்மண்டை மட்டும். போனைப் பிடிப்பவர் தாயின் தோளுக்குப் பின்னால் நின்று, தாய் பார்க்கிற கோணத்திலிருந்து கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும். வாய் திறப்பதற்கு முன்பே பதிவைத் தொடங்கி, பிடித்தபின் இரண்டு நிமிடம் விடாமல் ஓடவிட வேண்டும். பேச்சை நிறுத்திவிடுங்கள், விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். கடைசியில், குழந்தை வாயை எடுத்த அந்த நொடியில் காம்பு என்ன வடிவத்தில் வெளியே வருகிறது என்பதைக் கிட்டே காட்டுங்கள்: லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் சரிந்து வந்தால், பிடிமானம் சரியில்லை என்று மறுமுனையில் இருப்பவருக்குப் பாதிச் சங்கதி புரிந்துவிடும்.